கிளேசர்கள் யுனைடெட்டில் பணமே போடலையா? கணக்கறிக்கையில் எங்கே பார்ப்பது?

சிவப்புச்சட்டை:

ஒரு விஷயம் தெளிவாகணும். முதலாளிகளான கிளேசர் குடும்பம் சொந்தக் காசு போடல, மான்செஸ்டர் யுனைடெட்டை உறிஞ்சிட்டாங்கன்னு ஒரு பக்கம் சொல்றாங்க. ஆனா 2013ல் மேலாளர் ஃபெர்குசன் விலகினதுக்கு அப்புறம் வீரர்களை வாங்க மட்டுமே 100 கோடி பவுண்டுக்கு மேல போயிருக்கு. போக்பாவுக்கு 8.9 கோடி, மக்வாயருக்கு 8 கோடி. உறிஞ்சுற ஆள் இவ்வளவு எப்படிச் செலவழிப்பார்? ரெண்டுல எது சரி? கிளப் கணக்கறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தா எந்த வரியில் இது தெரியும்? இன்னொண்ணும் கேக்கணும்: கிளப்போட பழைய நிறத்துல பச்சை-மஞ்சள் மப்ளர், பேனர், மைதானத்துக்கு வெளியே கூட்டம்னு இருபது வருஷமா நடக்குது. ரசிகர்கள் செஞ்சதுல எதுதான் முதலாளிகளை உண்மையிலேயே அசைச்சது?

கணக்கு நோட்டு:

நீங்கள் சொன்ன ரெண்டும் உண்மைதான். குழப்பம் வருவது "யாருடைய பணம்" என்பதில்.

2005 மே மாதம் மால்கம் கிளேசர் யுனைடெட்டை வாங்கியபோது கிளப்பின் மதிப்பு ஏறத்தாழ 79 கோடி பவுண்டு. அதில் பாதிக்கு மேல் கடன். அந்தக் கடனின் பெரும்பகுதி கிளப்பின் சொத்துக்களையே ஈடாக வைத்து வாங்கியது. ஒருவர் வீட்டை வாங்குகிறார்; வாங்கிய கடனை வீட்டின் தலையிலேயே கட்டி, குடியிருப்பவர் தரும் வாடகையிலிருந்து தவணை கட்டுகிறார். கிட்டத்தட்ட அதேதான் இது. அவர்கள் போட்ட சொந்தப் பணமும் பழைய பங்குதாரர்கள் கைக்குத்தான் போனது. கிளப்பின் கல்லாவுக்கு வரவில்லை. அதற்கு முந்தின நாள் வரை கடனே இல்லாத கிளப் அது.

2006ல் கடனை மாற்றி எழுதியபோது மொத்தம் 66 கோடி. ஆண்டு வட்டி மட்டும் 6 கோடிக்கு மேல். அதில் ஒரு பகுதி 'பிக்' கடன். அதாவது வட்டியை அவ்வப்போது கட்ட வேண்டாம், அசலோடு சேர்ந்துகொண்டே போகும். வட்டி 14.25 சதவீதம். 2006 ஆகஸ்டில் 13.8 கோடியாக இருந்த இந்தத் துண்டு, 2009 ஜூனில் 20.2 கோடி. ஒரு பைசா புதிதாக வாங்காமலே மூன்று ஆண்டுக்குள் 6.4 கோடி கூடிவிட்டது. அதே கோடையில்தான் ரொனால்டோ 8 கோடிக்கு ரியல் மாட்ரிட் போனார். அந்த ஆண்டு கிளப் காட்டிய லாபம் 4.8 கோடிதான். விற்பனையைக் கழித்துப் பாருங்கள், நஷ்டம் வரும்.

2010 ஜனவரியில் 50.4 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். அந்தப் பத்திரத்தின் விளக்க ஆவணத்தை ரசிகர்கள் வரி விடாமல் படித்த பிறகுதான் பச்சை-மஞ்சள் இயக்கமே பெரிதானது. காரிங்டன் பயிற்சி மைதானத்தை விற்றுவிட்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கூட அதில் இருந்தது. கிளேசரின் ஆறு பிள்ளைகள் கிளப்பிலிருந்து மொத்தம் 1 கோடி பவுண்டு கடன் வாங்கியிருந்ததும் வெளியே வந்தது.

இனி எங்கே பார்ப்பது. நியூயார்க் பங்குச்சந்தையில் இருப்பதால் மான்செஸ்டர் யுனைடெட் பிஎல்சி ஆண்டுதோறும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்திடம் '20-எஃப்' என்ற அறிக்கை தரவேண்டும். இணையத்தில் இலவசம். நிதியாண்டு ஜூன் 30ல் முடியும், இலையுதிர் காலத்தில் அறிக்கை வரும். லாப-நட்டக் கணக்கில் ஆரம்பிக்காதீர்கள். அதில் தேய்மானம், டாலர்-பவுண்டு மாற்று ஏற்ற இறக்கம் என்று பணமே நகராத எண்கள் நிறைய. நேராக 'கேஷ் ஃப்ளோ' (ரொக்கம் வந்து போன கணக்கு) பக்கத்துக்குப் போங்கள். அங்கே நாலு வரி போதும்: கட்டிய வட்டி, கொடுத்த டிவிடெண்ட் (பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் பணம்), வீரர்களை வாங்க உண்மையில் கைமாறிய ரொக்கம், புதிய பங்கு வெளியிட்டு உள்ளே வந்த பணம்.

கடைசி வரிதான் உங்கள் கேள்விக்குப் பதில். முதலாளி காசு போட்டால் அங்கேதான் தெரியும். கிளேசர்களின் காலத்தில் அது ஆண்டுக்கணக்காகக் காலி. 2012 ஆகஸ்டில் ஒரு பங்கு 14 டாலருக்கு விற்று 23.3 கோடி டாலர் திரட்டினார்கள். அதில் பாதி கடனைக் குறைக்கப் போனது, மறுபாதி குடும்பத்துக்கு. 2024ல் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் ஒரு பகுதிப் பங்கை வாங்கி உள்ளே வந்தபோதுதான் 30 கோடி டாலர் கிளப்புக்கென்றே வந்தது. டிவிடெண்ட் வரியையும் பாருங்கள். 2022 வரை பங்குக்கு ஆண்டுக்கு 18 சென்ட், சுமார் 16.4 கோடி பங்கு, ஏறத்தாழ 2.95 கோடி டாலர். பெரும்பான்மைப் பங்கு குடும்பத்திடம் என்பதால் பெரும்பகுதி அங்கேதான் போனது.

பின்குறிப்புகளில் 'ரிலேட்டட் பார்ட்டி டிரான்சாக்ஷன்ஸ்' என்ற தலைப்பை மறக்காதீர்கள். முதலாளிக்கும் கிளப்புக்கும் இடையே கடன், ஆலோசனைக் கட்டணம் எது இருந்தாலும் அங்கே எழுதியாக வேண்டும். ஆர்சனல் கிளப்பிலிருந்து அதன் முதலாளி குரோங்கேயின் நிறுவனத்துக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண்டு தலா 30 லட்சம் பவுண்டு கட்டணம் போனதும் கணக்கறிக்கையில்தான் அகப்பட்டது.

சிவப்புச்சட்டை:

அருமை அண்ணே. அப்போ வீரர்களுக்குப் போன 100 கோடி முழுக்க கிளப்பே சம்பாதிச்சதுதான். ஆனா 8 கோடிக்கு வாங்கின மக்வாயரை 2023ல் 3 கோடிக்கு வெஸ்ட் ஹாமுக்கு விற்கச் சம்மதிச்சாங்களே, அது நஷ்டம் இல்லையா? அதே நேரத்துல கிளப்பே சின்ன வயசுலேர்ந்து வளர்த்த அகாடமிப் பையன்களை ஏன் இவ்வளவு சுலபமா விக்கிறாங்க?

கணக்கு நோட்டு:

கணக்கில் அது லாபம். 2019ல் 8 கோடி, ஆறு ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு 1.33 கோடி வீதம் செலவு எழுதுவார்கள். நாலு ஆண்டு முடிந்ததும் ஏட்டில் மிச்சம் 2.67 கோடி. 3 கோடிக்கு விற்றால் 33 லட்சம் லாபம் என்று பதிவாகும். அந்த விற்பனை கடைசியில் நடக்கவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான்.

அகாடமி வீரருக்கு வாங்கிய விலையே கிடையாது, ஏட்டில் பூஜ்யம். விற்றால் வரும் தொகை முழுக்க லாபம். அகாடமியில் வளர்ந்த மெக்டொமினே நாப்போலிக்குப் போனபோது சுமார் 2.5 கோடியும் அப்படியே லாபக் கணக்கில் ஏறியது. கிளப்புகளின் நஷ்டத்துக்கு வரம்பு போட்ட பிரீமியர் லீக்கின் பி.எஸ்.ஆர். விதி மூன்று ஆண்டில் 10.5 கோடி வரை நஷ்டத்தை அனுமதித்தது என்பார்கள். பலர் விட்டுவிடும் பாதி இது: அதில் 9 கோடியை முதலாளி பங்கு மூலதனமாகப் போட்டு ஈடுகட்டினால்தான் அந்த வரம்பு. போடாவிட்டால் வெறும் 1.5 கோடி. முதலாளி கையை மடக்கிக்கொண்டால் கிளப்புக்கு இடம் சுருங்குகிறது. சுருங்கும்போது முதலில் விலைபோவது உள்ளூர்ப் பையன். ரசிகனுக்கு எவன்மேல் பாசம் அதிகமோ, கணக்கில் அவனை விற்பதுதான் லாபம். இந்த விதியின் மோசமான விளைவு இதுதான் என்பேன்.

ஒரு எச்சரிக்கை. "செலவழித்தார்கள்" என்று செய்தியில் வரும் தொகை ரொக்கம் அல்ல. தவணையில் வாங்குவார்கள். மற்ற கிளப்புகளுக்குத் தரவேண்டிய பாக்கி கடன் கணக்கில் வராது, 'டிரேட் பேயபிள்ஸ்' என்ற வரியில் ஒளிந்திருக்கும். அதையும் கூட்டித்தான் கிளப்பின் உண்மையான சுமையைச் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரெட்ஃபோர்டு முனை:

கணக்கு சரி. ஏன் இப்படி நடக்குதுன்னும் சொல்லணும். இவங்க லாபம் கோப்பையில் இல்ல, பங்கின் விலையில் இருக்கு.

79 கோடி பவுண்டுக்கு வாங்கின கிளப். ராட்கிளிஃப் பங்குக்கு 33 டாலர் கொடுத்தார். 16.4 கோடி பங்குக்குப் பெருக்கினா 540 கோடி டாலர். 2013க்கு அப்புறம் ஒரு லீக் பட்டம் கூட இல்லாமலே இந்த மதிப்பு. அப்புறம் அவங்க எதுக்குப் பதறணும்? முதல் இடமும் நாலாம் இடமும் நமக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அவங்களுக்கு அது ஒரு சின்ன வித்தியாசம். அடிடாஸ் ஜெர்சி ஒப்பந்தத்தைப் பாருங்க. 2015ல் தொடங்கினது 10 வருஷத்துக்கு 75 கோடி. தொடர்ந்து ரெண்டு சீசன் சாம்பியன்ஸ் லீக்ல (வழக்கமா லீக்ல முதல் நாலு இடம் பிடிச்சவங்க ஆடுற ஐரோப்பியப் போட்டி) இல்லன்னா அந்த வருஷத் தொகையில் 30 சதவீதம் வெட்டு. புதுசா 90 கோடிக்குப் போட்டதுல, சாம்பியன்ஸ் லீக்ல இல்லாத ஒவ்வொரு சீசனுக்கும் 1 கோடி வெட்டு. பட்டம் வாங்கலன்னா வெட்டுன்னு எங்கேயும் இல்ல. கிளப்பை எங்கே நிறுத்தினா போதும்னு ஸ்பான்சர் ஒப்பந்தமே கோடு போட்டுக் காட்டுது. கூட்டம் கேட்பது முதல் இடம், கல்லா கேட்பது முதல் நாலு. சண்டை முழுக்க இந்த மூணு இடத்துக்குள்ளதான்.

மைதானத்தைப் பாருங்க. ஓல்ட் டிராஃபோர்டுல கடைசியாப் பெரிய கட்டுமானம் முடிஞ்சது 2006ல். கிழக்கு ஸ்டாண்டும் பாபி சார்ல்டன் ஸ்டாண்டும் சேரும் மூலையில், 2024 மே 12 ஆர்சனல் மேட்ச் முடிஞ்சதும் கூரையிலிருந்து தண்ணி அருவியாக் கொட்டினதை உலகமே பார்த்தது. உட்கார்ந்திருந்தவங்க நனைஞ்சுபோனாங்க. வட்டி கட்டாம விட்டா மறுநாளே கடன்காரன் வந்து நிப்பான். கூரையை விட்டா இருபது வருஷம் கழிச்சுதான் ஒழுகும். அதனால முதல்ல தள்ளிப்போடுறது எப்பவும் கூரையைத்தான்.

ஈவுட் பூங்கா:

இங்கே ஒரு மாற்றுக் கருத்து தேவை. "முதலாளி காசு போட்டால் சரியாகிவிடும்" என்ற எண்ணத்தோடு இந்த இழையை முடித்துவிடக் கூடாது. பிளாக்பர்ன் ரோவர்ஸைப் பாருங்கள்.

1995ல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற கிளப். 2010 நவம்பரில் புனேயின் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ், நாம் வெங்கிஸ் என்று சொல்லும் கோழிப்பண்ணை நிறுவனம், 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த மாதமே மேலாளர் அலர்டைஸை நீக்கிவிட்டு ஸ்டீவ் கீனை நியமித்தார்கள். 2012 மே மாதம் பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்நிலைக்குத் தரமிறங்கியது. தரமிறங்கிய அந்த இரவில் ரசிகர்கள் களத்துக்குள் ஒரு கோழியை விட்டார்கள். 2017ல் மூன்றாம் நிலைக்கே போய், அடுத்த ஆண்டு மீண்டது.

ஆனால் வெங்கிஸ் உறிஞ்சவில்லை. ஆண்டாண்டாகக் கோடிக்கணக்கில் நஷ்டத்தை ஈடுகட்டி, மொத்தம் 20 கோடி பவுண்டுக்கு மேல் இறக்கியிருக்கிறார்கள். கிளேசர்களோடு ஒப்பிட்டால் தர்மவான்கள். பிறகு ஏன் அங்கே ரசிகர்கள் கொதிக்கிறார்கள்? கிளப்பின் உயிர் முதலாளியின் பணம் என்ற ஒரே ஒரு குழாயில் தொங்குகிறது, அது அடைபட்டால் வேறு வழியில்லை. 2023ல் அதுதான் நடந்தது. இந்திய அமலாக்கத்துறை விசாரணை காரணமாக, இங்கிலாந்துக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர்நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. அனுப்பும் தொகைக்குச் சமமாக இந்தியாவில் வங்கி உத்தரவாதமும் கேட்கப்பட்டது. 35 லட்சம் பவுண்டு அனுப்ப 35 லட்சத்தை இங்கே முடக்க வேண்டும். விளைவு: 2024 பிப்ரவரியில், அகாடமியில் வளர்ந்த ஆடம் வார்ட்டனை 1.8 கோடிக்குக் கிரிஸ்டல் பேலஸிடம் கொடுத்தார்கள். மேலே கணக்கு நோட்டு சொன்ன அதே கதை. ஏட்டில் பூஜ்யம், விற்றால் முழு லாபம்.

ஆகவே கணக்கறிக்கையில் இன்னொன்றையும் பாருங்கள். முதலாளியின் பணம் கடனாக வந்திருக்கிறதா, பங்காக வந்திருக்கிறதா? கடன் என்றால், வட்டி இல்லாவிட்டாலும் ஒருநாள் திரும்பக் கேட்கலாம், கிளப்பை விற்கும்போது விலையோடு சேர்க்கலாம். பங்காக மாற்றிவிட்டால் கிளப் மேல் சுமை இல்லை. நியூகாசிலில் அப்போதைய முதலாளி மைக் ஆஷ்லி போட்டது 10 கோடிக்கு மேல் வட்டியில்லாக் கடன். 2021 அக்டோபரில் 30.5 கோடிக்குக் கைமாறியபோது அவருக்குக் கணக்கு நேர். அந்த இடைக்காலத்தில் கிளப் இருமுறை தரமிறங்கியது, 2009, 2016.

வடக்கு வாசல்:

போராட்டம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒரு சோதனை: உங்கள் போராட்டம் எந்த வருமானத்தைத் தொடுகிறது?

யுனைடெட்டின் 2023-24 வருமானம் 66.18 கோடி பவுண்டு. வணிகம் 30.29, ஒளிபரப்பு 22.18, மைதான வருமானம் 13.71. மைதானம் ஐந்தில் ஒரு பங்குதான். அதிலும் சீசன் டிக்கெட் பணம் முன்கூட்டியே வந்துவிடும். ஆட்டம் முடியுமுன் எழுந்து போவது, வராமல் இருப்பது இரண்டும் அந்த ஆண்டுக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. நீங்கள் புதுப்பிக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அடுத்தவர் வருவார். பச்சை-மஞ்சள் மப்ளர் உணர்வுபூர்வமாக எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த இடத்தில்தான் முட்டி நின்றது. 1878ல் நியூட்டன் ஹீத்தாகத் தொடங்கிய கிளப்பின் நிறங்களை அணிந்தார்கள்; கோரிக்கை "விற்றுவிட்டுப் போ" என்பது. அதற்கு முதலாளி சம்மதிக்க வேண்டிய தேவை இல்லை.

இனி வென்றதைப் பாருங்கள். 2016 பிப்ரவரி 6, லிவர்பூல்-சண்டர்லாந்து. புதிய மைதானப் பகுதியில் மிக விலை கூடிய டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். 77வது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். 2-0 என்று முன்னணியில் இருந்த லிவர்பூல் 2-2 என்று முடித்தது. சில நாட்களில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையை விலக்கிக்கொண்டார்கள். ஏன் வென்றது? கோரிக்கை ஒரே ஓர் எண். அதைக் கைவிட முதலாளிக்கு ஆன செலவு சிறியது, பிடித்துக்கொண்டிருந்தால் ஆகும் அவமானம் பெரியது. அதே ஆண்டு முழு லீக்கிலும் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வந்தது.

ஜெர்மனி இதைவிடத் தெளிவு. 2023 டிசம்பரில் ஊடக உரிமையின் 8 சதவீதப் பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க லீக் அமைப்பு வாக்களித்தது. 36 கிளப்பில் 24 ஆதரவு. ரசிகர்கள் மேட்ச் மேட்சாக டென்னிஸ் பந்து வீசினார்கள். நூற்றுக்கணக்கில் களத்தில் உருளும் பந்துகளைப் பொறுக்கி முடிக்கும்வரை ஆட்டம் நிற்கும், நேரடி ஒளிபரப்பு நேரம் குலையும். எதை விற்கப் பார்த்தார்களோ அந்தப் பண்டத்தையே கெடுத்தார்கள். 2024 பிப்ரவரி 21ல் திட்டம் கைவிடப்பட்டது. 2021 மே 2ல் ஓல்ட் டிராஃபோர்டுக்குள் ரசிகர்கள் புகுந்ததால் லிவர்பூல் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டதே, அதுவும் இதே நரம்பைத்தான் தொட்டது. ஆனால் அத்துமீறி நுழைவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காயமும் வழக்கும் ரசிகர் தலையில்தான் விழும்.

யுனைடெட் 2024 நவம்பரில் செய்ததை இந்தக் கண்ணால் பாருங்கள். சீசன் நடுவில், மீதமிருந்த டிக்கெட்டெல்லாம் 66 பவுண்டு. சிறுவர், முதியோர் சலுகை கிடையாது. அதற்கு முன் சிறுவருக்கு 25 பவுண்டிலிருந்து கிடைத்தது. மிஞ்சியிருந்த சொற்ப டிக்கெட்டில் வரும் கூடுதல் பணம் 66 கோடி வருமானத்தில் ஒரு தூசு. எதிர்ப்போ ஊர் முழுக்க. லிவர்பூல் மாதிரியே ஒரே எண்ணைப் பிடித்துப் போராட ஏற்ற இடம் அதுதான்.

சிவப்புச்சட்டை:

வாக்குகளில் பாதிக்கு மேல் கிளப் உறுப்பினர் கையில் இருக்கணும்ங்கிற ஜெர்மனியின் 50+1 விதியை இங்கிலாந்துக்குக் கொண்டுவர முடியாதா?

வடக்கு வாசல்:

பெரிய கிளப்புகளுக்கு இனி நடக்காது என்றே நினைக்கிறேன். ஜெர்மனியில் கிளப் ஏற்கெனவே உறுப்பினர் கையில் இருந்தது. 1998ல் முதலீட்டை அனுமதித்தபோது வாக்குப் பெரும்பான்மை விலகாமல் பூட்டுப் போட்டார்கள். இங்கிலாந்தில் 500 கோடி டாலர் சொத்தில் பாதியை யார் விலை கொடுத்து வாங்குவது? கீழ்நிலைக் கிளப்புகளில் முடியும். போர்ட்ஸ்மவுத் 2013ல் ரசிகர் அறக்கட்டளை கைக்கு வந்தது, 2017ல் அவர்களே வாக்களித்து விற்றார்கள். ஏ.எஃப்.சி. விம்பிள்டனும் எக்ஸிடரும் ரசிகர் கையில்தான்.

பெரிய கிளப்பில் செய்யக்கூடியது சொத்தைக் காப்பது. 2011 உள்ளாட்சிச் சட்டத்தில் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று மைதானத்தைப் பதிவு செய்யலாம். விற்க முயன்றால் ஆறு மாதம் வரை தடுத்துநிறுத்தி, உள்ளூர் அமைப்பு விலை கேட்க அவகாசம் தரும். ஓல்ட் டிராஃபோர்டு 2013ல் ரசிகர் அறக்கட்டளையின் மனுவில் பதிவானது. இந்தப் பதிவு ஐந்து ஆண்டில் காலாவதியாகும்; புதுப்பிக்க மறப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. விற்றே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை, முதலாளி ஆறு மாதம் காத்திருந்து விருப்பப்பட்டவருக்கு விற்கலாம்.

2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம் இதைவிட வலுவானது. முதல் ஐந்து நிலைக் கிளப்புகளுக்கு உரிமம், சுதந்திர ஒழுங்குமுறை அமைப்பு, முதலாளிக்குத் தகுதிச் சோதனை. மைதானத்தை விற்க அனுமதி வாங்கவேண்டும். சின்னம், நிறம் மாற்றமானால் ரசிகர் ஆதரவு வேண்டும். 2021ல் பெரிய கிளப்புகள் தனியாகத் தொடங்கப் பார்த்த சூப்பர் லீக் மாதிரிப் பிரிவினைப் போட்டிக்குத் தடை. ஆனால் முதலாளி எவ்வளவு டிவிடெண்ட் எடுக்கலாம் என்றோ, டிக்கெட் விலை இவ்வளவுதான் என்றோ அது நேரடியாக வரம்பு போடவில்லை.

கணக்கு நோட்டு:

அடுத்த அறிக்கையைத் திறக்கும்போது கடன் பின்குறிப்பில் ஒரு வரியை முதலில் தேடுங்கள். 42.5 கோடி டாலர் பத்திரம், வட்டி 3.79 சதவீதம், முதிர்வு 2027 ஜூன். ஆண்டு வட்டி சுமார் 1.6 கோடி டாலர். வட்டி மலிவாக இருந்த காலத்தில் எழுதியது அது. அதே தொகையை 7 சதவீதத்துக்கு மாற்றி எழுதினால் வட்டி கிட்டத்தட்ட 3 கோடி டாலர் ஆகிவிடும். ராட்கிளிஃப் போட்ட மூலதனம் இந்த அசலைக் குறைக்கவில்லை. எப்போது, எந்த வட்டிக்கு, எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிக்கிறார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடனோடு, திட்டத்தில் உள்ள புது மைதானத்துக்கு வாங்கும் கடனும் ஒரே நிறுவனத்தின் பெயரில் சேர்கிறதா, தனி நிறுவனத்தில் நிற்கிறதா என்பதும் அதே பின்குறிப்பில்தான் வரும்.